ஒன்பதுகோட்டையானுக்கு வீரம் இருபது

உங்களுக்குப் பிடித்த கதாநாயகனின் வீரம் எத்தனை? "ரொம்ப" என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. எண் வேண்டும். இருபதுக்கு எத்தனை? அறிவு எத்தனை? கதவை உடைக்கும் வலிமை எத்தனை, உடைத்த கதவுக்குச் சொந்தக்காரரிடம் மன்னிப்புக் கேட்கும் நாகரிகம் எத்தனை? தெரியாதா? சின்ன வயதிலிருந்து அவன் கதையைப் படித்துப் படித்து உருகினீர்களே, இந்த அடிப்படை விவரம் கூடத் தெரியாமலா உருகினீர்கள்?

இப்படிக் கேட்கிற ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. அளவுக்காரர் என்று அழைப்போம். பார்வைக்கு நம்மைப் போலத்தான் இருப்பார். வேலைக்குப் போவார், பல்வலி என்றால் முகம் சுளிப்பார், பேருந்தில் ஜன்னலோர இடத்துக்கு ஆசைப்படுவார். ஆனால் கையில் ஒரு பென்சிலும் எதிரே கட்டம் போட்ட ஒரு தாளும் கிடைத்துவிட்டால் போதும், உலகத்தில் எழுதப்பட்ட அத்தனை வீரர்களையும் வரிசையில் நிற்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, பல்லை எண்ணிவிடுவார்.

இவருடைய வேட்டைக்களம் ஒரு மேஜை விளையாட்டு. அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "எதிர்ல பாழடைஞ்ச கோட்டை. என்ன பண்றீங்க?" என்பார் நடத்துபவர். "மதில் ஏறுறேன்" என்பார் ஒருவர். அவர் ஏறினாரா, முதுகு முறிய விழுந்தாரா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடையும், அவருடைய பாத்திரத்தின் தாளில் எழுதியிருக்கும் எண்களும் சேர்ந்து முடிவு செய்யும். நல்ல விளையாட்டு. வளர்ந்தவர்கள் வெட்கப்படாமல் கற்பனை செய்வதற்கு மிச்சமிருக்கும் சில இடங்களில் ஒன்று. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மற்றவர்கள் புதிதாக ஓர் ஆளைக் கற்பனை செய்து ஆடுவார்கள். அளவுக்காரருக்கு அது பிடிக்காது. ஊருக்கே தெரிந்த கதாநாயகன்தான் அவருக்கு வேண்டும். அவனை நாவலிலிருந்து காதைப் பிடித்து இழுத்துவந்து, விதிப்புத்தகத்துக்குள் உட்காரவைத்து, வீரம், வலிமை, அறிவு, சொல்வன்மை, மனவுறுதி என்று கட்டம் கட்டமாக நிரப்பினால்தான் அவருக்கு ஜீரணம் ஆகும். எனக்குத் தெரிந்த அளவுக்காரரிடம் இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு வீரர்கள் பிளாஸ்டிக் உறை போட்டு, அகர வரிசையில், மூன்று தடித்த கோப்புகளில் இருக்கிறார்கள். அந்தக் கோப்புகளுக்கு இடம் விடுவதற்காக அவருடைய கல்யாண ஆல்பம் அலமாரிக்கு மேலே, பழைய மின்விசிறியோடு குடித்தனம் நடத்துகிறது.

இவரோடு சேர்ந்து ஒரு நாவலைப் படித்துப் பாருங்கள். நாயகன் நண்பனின் பிணத்தின் மேல் விழுந்து கதறுவான். நீங்கள் கைக்குட்டையைத் தேடுவீர்கள். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, "மனவுறுதில ரெண்டு குறைச்சிடலாம்" என்பார். காதலி கொட்டும் மழையில், கூட்டத்துக்கு நடுவே, பத்து வருடம் கழித்து அவனை அடையாளம் கண்டுகொள்வாள்; "எத்தனை மீட்டர் தூரம்னு போட்டிருக்கா?" என்பார்.

ஒரு நாள் அவருடைய மனைவி கேட்டேவிட்டார். "என்னங்க, கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எத்தனை போட்டீங்க?"

நாம் என்றால் சிரித்து மழுப்புவோம். அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "பொறுமை பதினெட்டு," என்றார்.

"அது அப்போ. இப்ப பாத்து எழுதுங்க," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போனார்.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. நாவலில் வரும் வீரன் தோற்கமாட்டான்; பகடைக்கு அது தெரியாது. ஏழு பாகம் வந்த ஒரு நாவலின் நாயகன், ஒன்பது கோட்டைகளைப் பிடித்ததால் ஒன்பதுகோட்டையான் என்று பெயரெடுத்தவன், முதல் முறை, அளவுக்காரர் தன் வீட்டில் கதை நடத்தும் சனிக்கிழமை மேஜைக்கு வந்தபோது, பகடையில் ஒன்று விழுந்ததால் குதிரையில் ஏறப் போய் மறுபக்கம் விழுந்தான். வாசகர் உலகமே கொண்டாடும் துப்பறிவாளர் ஒருவர் இரண்டு விழுந்ததால் பிணத்தையே கொலைகாரன் என்று சொல்லிக் கைது செய்தார். அளவுக்காரருக்கு அவமானம் தாங்கவில்லை. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. எண்களைக் கூட்டினார். இருபதுதான் உச்சம் என்று விதிப்புத்தகம் சொல்ல, இவர் முப்பது என்று திருத்தினார். எல்லா வீரர்களும் முப்பதுக்கு வந்ததும், யாரும் எதிலும் தோற்காமல் ஆட்டம் சப்பென்று போயிற்று. உடனே எதிரிகளுக்கு நாற்பது கொடுத்தார். மதில்களுக்கு ஐம்பது. பூட்டுகளுக்கு அறுபது. கடைசியில் மூன்று சனிக்கிழமைகள் தொடர்ச்சியாக, உலக இலக்கியத்தின் மாபெரும் வீரர்கள் நான்கு பேர் ஒரு சமையலறைக் கதவைத் திறக்க முடியாமல் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். திரும்பவும் உச்சத்தை இருபதுக்கே கொண்டுவந்தார்.

சரி, எண்ணை எங்கிருந்து எடுக்கிறார்? மனம் போன போக்கில் எழுதுகிறாரா? ஐயையோ, அந்தப் பழியை அவர் மேல் போடாதீர்கள். அவருக்கு ஆதாரம் வேண்டும். நூலில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. இது அவருடைய அரசியல் சட்டம்.

இந்தச் சட்டத்தால் நடந்ததைக் கேளுங்கள். மேஜையில் ஒன்பதுகோட்டையானாக ஆடுகிறவர் ஒரு லிப்ட் மெக்கானிக். லிப்டின் இரும்புக் கயிற்றை மூன்று முறை சோதிக்காமல் ஓர் ஆளை உள்ளே விடமாட்டார்; பகடையை மட்டும் தனியாக ஒரு பையில் வைத்து, வேறு யாரும் தொட்டால் ராசி போய்விடும் என்பார். ஒரு சனிக்கிழமை அவருடைய ஒன்பதுகோட்டையான் வழியில் ஒரு குளத்தில் இறங்கினான். இடுப்பளவுத் தண்ணீர். அளவுக்காரர் தாளைப் பார்த்தார். நீச்சல் என்ற கட்டத்தில் பூஜ்யம்.

"ஏழு பாகத்துலயும் அவன் நீந்தினதா ஒரு வரி இல்ல."

"சார், ஒன்பது கோட்டை புடிச்சவன் சார்! கோட்டைன்னா சுத்தி அகழி இருக்காதா?"

"அகழியத் தாண்டினான்னுதான் இருக்கு. நீந்தித் தாண்டினான்னு இல்ல. உருட்டுங்க."

உருட்டினார். நான்கு விழுந்தது. ஒன்பதுகோட்டையான் இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கிச் செத்தான். மெக்கானிக் பகடையைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அடுத்த வாரம் அவனை உயிர்ப்பித்தார்கள். கருணையால் என்று நினைக்காதீர்கள். ஏழாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அவன் உயிரோடு இருப்பதற்கு ஆதாரம் இருந்தது.

இதுவரை சிரித்தோம். இனி ஆதாரம் என்பது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். ஏழு பாக நாவலில் ஒன்பதுகோட்டையானுக்கு எத்தனை அடைமொழி! நிகரற்றவன், சிங்க நடையன், மின்னல் வாளன், மலைத் தோளன். அளவுக்காரர் எண்ணிப் பார்த்திருக்கிறார்: நானூற்றுப் பதினொன்று. அடைமொழி கூடக்கூட எண் கூடும். வீரம் இருபது, சொல்வன்மை பத்தொன்பது, நற்குணம் பதினெட்டு. மூன்றாம் பாகத்தில் அவன் சரணடைந்த ஒரு கிராமத்தைக் கொளுத்துகிறானே, அதற்குப் பிறகுமா நற்குணம் பதினெட்டு? ஆமாம். கொளுத்திய பக்கத்திலும் ஆசிரியர் அவனைக் கருணைக்கடல் என்றுதான் எழுதியிருக்கிறார். ஆதாரம் இருக்கிறது.

இன்னும் ஒன்று. விதிப்புத்தகத்தில் பிறப்பு என்று ஒரு பட்டியல் உண்டு. அரச குடும்பத்தில் பிறந்தால் அறிவில் இரண்டு கூடுதல், தோற்றத்தில் இரண்டு கூடுதல். உழவர், மீனவர், சலவைக்காரர் வீட்டில் பிறந்தால் வலிமையில் ஒன்று கூடுதல், அறிவில் இரண்டு குறைவு. யாரோ ஓர் ஆள், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, தொட்டிலைப் பார்த்து மூளையை அளக்கும் இந்தப் பட்டியலை எழுதியிருக்கிறான். அதை இன்னொருவன் அச்சடித்திருக்கிறான். படித்தவர்கள் வாங்கி அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் வாய் கசக்கவில்லை. எண்ணாக எழுதிவிட்டால் எந்த அநியாயமும் அறிவியல் மாதிரி ஆகிவிடுகிறது. தராசு இல்லாமல் எடை சொல்கிற கடைக்காரனை நாம் சும்மா விடுவோமா? இவர்களை விட்டுவிடுகிறோம். கட்டம் போட்ட தாளுக்கு அப்படி ஒரு மரியாதை.

விளையாட்டுத்தானே, யாருக்கு என்ன குறைந்துபோயிற்று என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அளவுக்காரர் வார நாட்களில் என்ன வேலை பார்க்கிறார் தெரியுமா? ஒரு பேருந்து நிறுவனத்தில் பணியாளர் பிரிவின் தலைமை எழுத்தர். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு மதிப்பீட்டுத் தாள் தயாரிப்பது அவர் பொறுப்பு. அந்தத் தாளில் ஐந்து கட்டங்கள்: தலைமைப் பண்பு, முன்முயற்சி, சொல்வன்மை, நெருக்கடியில் நிதானம், தோற்றப் பொலிவு. ஒவ்வொன்றுக்கும் இருபது. ஆமாம், எனக்கும் எங்கேயோ பார்த்த மாதிரிதான் இருந்தது. மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, "முழுக்க அறிவியல் முறை!" என்று கை கொடுத்தாராம். நூற்றுக்கு அறுபது வாங்கினால் டிக்கெட் பரிசோதகர். வாங்காவிட்டால் நடத்துநராகவே இருக்கலாம், நின்றபடியே, கம்பியைப் பிடித்தபடியே.

இந்த முறை விண்ணப்பித்த பதினொரு பேரில் ஒருவர் அளவுக்காரரின் மனைவிக்குத் தங்கை. பதினேழாம் எண் வண்டியின் நடத்துநர். பதினான்கு வருடம் ஓடும் வண்டியில் நின்றதில் முழங்கால் தேய்ந்துபோய், இனிமேல் இப்படி நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பரிசோதகர் ஆனால் நிறுத்தத்துக்கு நிறுத்தம் உட்காரலாம். ஆகாவிட்டால் ஒரு வருடத்தில் வேலையை விட வேண்டியதுதான். மறுபடி விண்ணப்பிக்க மூன்று வருடம் ஆகும்.

அளவுக்காரர் சொந்தம் பார்க்கிறவர் இல்லை. அதில் அவருக்குப் பெருமை. மச்சினியின் கோப்பை எடுத்தார். பணியில் சேர்ந்த கடிதம். விடுப்புக் கடிதங்கள். ஒரு புகார்: "வண்டியை இருபது நிமிடம் தாமதப்படுத்தினார்." அவ்வளவுதான். பதினான்கு வருடத்துக்கு அவ்வளவுதான். முன்முயற்சிக்கு ஆதாரம் இல்லை, ஆறு. நிதானத்துக்கு ஆதாரம் இல்லை, புகார் வேறு இருக்கிறது, ஐந்து. கூட்டிப் பார்த்தால் முப்பத்தெட்டு. அதே பட்டியலில் இன்னொரு நடத்துநருக்கு எண்பத்து நான்கு வந்தது. அவருடைய கோப்பு தலையணை தடிமன். அத்தனையும் பயணிகளின் பாராட்டுக் கடிதங்கள். கடிதத்தைத் தானே எழுதி எடுத்துவந்து, சில்லறை பாக்கியைக் கொடுக்கும்போது பயணியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வது அவர் வழக்கம். அவருக்குள் ஒரு ஏழு பாக நாவலாசிரியர் ஒளிந்திருக்கிறார்.

திங்கட்கிழமை தாள்கள் மேலாளரிடம் போக வேண்டும். சனிக்கிழமை மதியம், ஆட்டத்துக்கு ஆட்கள் கூடியிருந்த நேரத்தில் மச்சினி வந்தார், சீருடையைக் கூட மாற்றாமல்.

"அத்தான், முப்பத்தெட்டாமே?"

"யார் சொன்னா?"

"அக்கா."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று கூடியது.

"சொந்தக்காரின்னு நான் ஒரு மார்க் கூடப் போடமுடியாதும்மா. ஆதாரம் இருந்தாத்தான்."

"போட வேணாம். எப்படிப் போடுறீங்கன்னு பாக்கத்தான் வந்தேன். நானும் உங்க ஆட்டத்துல உட்காரலாமா?"

அவருக்கு ஒரே சந்தோஷம். நாற்காலி போட்டார். மெக்கானிக்கும், துப்பறிவாளராக ஆடும் மருந்துக்கடைக்காரரும் நகர்ந்து இடம் விட்டார்கள். "யாரா ஆடுற? இருநூத்திப் பன்னெண்டு பேர் இருக்காங்க. இளவரசி வேணுமா? வில்லு பதினெட்டு."

"படகுக்காரி."

பள்ளிப் பாடப்புத்தகத்தில் நாமெல்லாரும் படித்த நான்கு பக்கக் கதை. ஆற்றில் வெள்ளம், கப்பம் கட்டாதவர்களை ஏற்றக் கூடாது என்று அதிகாரி உத்தரவு, ஓர் ஏழைப் பெண் படகில் அறுபது பேரை, ஆள் பார்க்காமல், எட்டு நடையாக அக்கரை சேர்ப்பாள். அளவுக்காரரின் கோப்பில் அவள் இல்லை. அலமாரியிலிருந்து பழைய பாடப்புத்தகத்தை எடுத்துவைத்து, அங்கேயே தாளில் எண் போட ஆரம்பித்தார்.

"பிறப்பு... ஓடக்காரர் வீடு. அறிவுல ரெண்டு போச்சு. எழுதப் படிக்கத் தெரியாதுன்னு ரெண்டாம் பக்கத்துல இருக்கு, இன்னும் ரெண்டு. அறிவு ஆறு."

"அதிகாரிய மூணு தடவ ஏமாத்தினாளே அத்தான்?"

"அது அதிகாரியோட முட்டாள்தனம். அவனுக்குக் குறைக்கலாம்."

"அடேங்கப்பா. அப்புறம்?"

"வீரம். 'அவள் துடுப்பை எடுத்தாள்'னு மட்டும்தான் எழுதியிருக்கார். வீரமா எடுத்தான்னு இல்ல. எட்டு வச்சுக்கலாம். படகு ஓட்டுற திறமை..." நான்கு பக்கத்தையும் புரட்டினார். "திறமையா ஓட்டினான்னு எங்கயும் இல்லையே. அஞ்சு."

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சார், மருந்து கொடுக்கறவன் திறமையாக் கொடுத்தான்னு யாரும் எழுத மாட்டாங்க சார். மாத்திக் கொடுத்தாத்தான் எழுதுவாங்க."

"அத நீங்க உங்க கடைல பாத்துக்குங்க," என்றார் அளவுக்காரர்.

ஆட்டம் தொடங்கியது. பத்தாவது கோட்டையைப் பிடிக்க ஒன்பதுகோட்டையானும் துப்பறிவாளரும் கிளம்பினார்கள். வழியில் ஆறு. வெள்ளம். கரையில் படகுக்காரி. மூன்று பேரும் படகில் ஏறினார்கள்.

"நடு ஆத்துல சுழல்," என்றார் அளவுக்காரர், குரலைத் தாழ்த்தி. இந்த இடத்தில் அவர் உண்மையிலேயே நன்றாகக் கதை சொல்வார், மறுக்கக் கூடாது. "படகு ஓட்டுற திறமை அஞ்சுதான். அதனால பதினேழோ அதுக்கு மேலயோ விழணும். இல்லன்னா கவுந்துரும். உருட்டு."

மெக்கானிக் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஆளுக்கு நீச்சல் இன்னும் வரவில்லை.

மச்சினி பகடையைத் தொடவில்லை.

"எதுக்கு உருட்டணும்?"

"கவுந்துச்சா இல்லையான்னு தெரிய வேணாமா?"

"கவுந்துச்சுன்னு கதைல இருக்கா?"

"என்னது?"

"எட்டு நடை போனா. ஒரு நடையாவது படகு கவுந்துச்சுன்னு எழுதியிருக்காரா? காட்டுங்க."

மெக்கானிக் நாற்காலியோடு முன்னால் வந்தார். அவர் முகத்தில் பல வாரத்துக் குளத்துத் தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

"காட்டுங்க சார். என் ஆளு நீந்தினதுக்கு ஆதாரம் இல்லன்னு இடுப்பளவுத் தண்ணில சாகடிச்சீங்கல்ல? இவங்க கவுத்ததுக்கு ஆதாரம் காட்டுங்க. எழுதியிருந்தா உண்டு, எழுதலன்னா இல்ல. உங்க சட்டம்தானே?"

"அது வந்து... ஒருத்தி தவறே பண்ணமாட்டான்னா அப்புறம் விளையாட்டு எப்படி..."

"பக்கம் எத்தனை?" என்றார் மருந்துக்கடைக்காரர் சாந்தமாக.

அளவுக்காரர் பாடப்புத்தகத்தை மறுபடி எடுத்தார். நான்கு பக்கம்தான். மூன்று முறை படித்தார். மூன்றாம் முறை விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது.

"இல்ல," என்றார். "கவுந்ததா இல்ல."

அவரைப் பற்றி இவ்வளவு கேலி பேசிய நான் இதையும் சொல்லியாக வேண்டும். அந்த மேஜையில் வேறு யாராக இருந்தாலும் "நான் நடத்துறவன், நான் சொல்றதுதான்" என்று முடித்திருப்பார்கள். அவரால் முடியவில்லை. சட்டம் அவர் போட்டது, அது அவர் கழுத்தையும் பிடித்தது, பிடித்துக்கொள்ள விட்டார். படகு அக்கரை சேர்ந்தது. மெக்கானிக் மூச்சு விட்டார்.

மச்சினி இறங்கவில்லை.

"என் ஃபைல்ல வண்டி இருபது நிமிஷம் லேட்டுன்னு இருக்குல்ல?"

"இருக்கு."

"ஏன் லேட்டுன்னு இருக்கா?"

அவர் யோசித்தார். "இல்ல."

"ஒரு அம்மா சீட்டுலயே சாஞ்சிட்டாங்க. வாய் கோணிப்போச்சு. ஆஸ்பத்திரி நம்ம ரூட்ல இல்ல. டிரைவர் அண்ணன்கிட்ட, திருப்புங்க, கேட்டா நான் சொல்லிக்கிறேன்னேன். கொண்டுபோய் இறக்கிட்டு மறுபடி ரூட்டுக்கு வந்தோம். இருபது நிமிஷம். நீங்க போட்டிருக்கீங்களே முன்முயற்சின்னு ஒண்ணு, ஆறு. நிதானம்னு ஒண்ணு, அஞ்சு."

"அத அந்த அம்மா எழுதிக் கொடுத்திருந்தா..."

"அவங்க கைல டிரிப் ஏறிட்டிருந்துச்சு அத்தான். எழுதற கை."

வண்டிக்குள் அன்றைக்கு நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அதில் ஒருவர் நேரம் எடுத்து, நல்ல காகிதத்தில், அழகான கையெழுத்தில், தேதியும் வண்டி எண்ணும் போட்டு எழுதியிருக்கிறார். தாமதம் என்று எழுதியிருக்கிறார். மீதி முப்பத்தொன்பது பேர் வீட்டுக்குப் போய், "இன்னைக்கு பஸ்ல ஒரு கண்டக்டர் பொண்ணு என்னமா சமாளிச்சா தெரியுமா!" என்று வியந்து சொல்லிவிட்டு, கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். ஆதாரம் அவர்கள் வயிற்றுக்குள் போய்விட்டது.

திங்கட்கிழமை அளவுக்காரர் என்ன செய்தார்? மச்சினிக்கு மதிப்பெண்ணைக் கூட்டினாரா? அப்படி எதிர்பார்த்தால் உங்களுக்கு அவரைப் பற்றி ஒன்றும் புரியவில்லை. அவர் ஒரு மதிப்பெண்ணும் கூட்டவில்லை. முப்பத்தெட்டை அடித்தார். எண்பத்து நான்கையும் அடித்தார். அந்தத் தலையணைக் கோப்பை மறுபடி படித்தபோது எல்லாப் பயணிகளும் ஒரே எழுத்துப்பிழையைச் செய்திருப்பது அவர் கண்ணில் பட்டதாம். பதினொரு தாள்களிலும் ஐந்து கட்டங்களையும் வெறுமையாக விட்டு, கீழே எழுதினார்: "அளக்கப் போதிய ஆதாரம் இல்லை. மதிப்பெண் இடப்படவில்லை." இருநூற்றுப் பன்னிரண்டு வீரர்களை அளந்த கை, வாழ்நாளில் முதல் முறையாக ஒரு கட்டத்தைக் காலியாக விட்டது. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

மேலாளர் குதித்தார். "கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் எடுத்துக்காது!" இவர் அசையவில்லை. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பதினொரு பேரின் வண்டிகளிலும் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்: இந்த நடத்துநரைப் பற்றி நேரில் கண்டதைப் பயணிகள் பதினைந்து நாட்களுக்குள் எழுதித் தரலாம். பெட்டி, இறங்கும் வாசலுக்குப் பக்கத்தில்.

இன்றோடு பத்து நாள். பதினேழாம் எண் வண்டியின் பெட்டியில் வந்திருப்பவை மூன்று. ஒன்று சாக்லேட் உறை. ஒன்று காலாவதியான சலுகைச் சீட்டு. மூன்றாவது ஒரு துண்டுக் காகிதம்; அதில், "இருபதுக்குப் பதினைந்து" என்று மட்டும் எழுதியிருந்தது. எதற்குப் பதினைந்து, ஏன் பதினைந்து, யார் போட்டது? ஒன்றும் இல்லை.

அளவுக்காரரை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்களே, அந்தத் துண்டுக் காகிதம் உங்களுடையதா? வீட்டுக்குப் பொருள் கொண்டுவந்தவருக்கு நேற்று எத்தனை நட்சத்திரம் போட்டீர்கள்? ஏன் ஒன்று குறைத்தீர்கள்? உங்கள் பிள்ளையின் ஆசிரியைக்கு, உங்கள் தெருவைக் கூட்டுகிறவருக்கு, உங்களுக்கு ஊசி போட்டவருக்கு மனத்துக்குள் ஓர் எண் வைத்திருக்கிறீர்கள்தானே? அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், ஒரு வரி எழுதித் தருவீர்களா? குறை என்றால் நான்கு பக்கம் வரும், தெரியும். அழகான கையெழுத்தில் வரும்.

இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. பதினேழாம் எண் வண்டியில் அந்த அம்மாள் சாய்ந்த அன்று நீங்களும் இருந்திருந்தால், கடிகாரத்தைப் பார்த்து முனகியவர் நீங்களாகவே இருந்தாலும் பரவாயில்லை, ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். நிகரற்றவள், சிங்க நடையாள் என்றெல்லாம் வேண்டாம். அடைமொழி ஒன்று கூட வேண்டாம். எண்ணும் வேண்டாம். அந்த அம்மாள் எந்த இருக்கையில் இருந்தார், நடத்துநர் என்ன சொன்னார், வண்டி எங்கே திரும்பியது என்று நடந்ததை நடந்தபடி எழுதி, கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டு, இறங்கும்போது அந்தப் பெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள்.